தைக்கிற பிளவுஸையும் எடுத்துட்டு வாங்கக்கா

சிங்கப்பூர் தோ பாயோவில் ஒரு வீடமைப்பு வளர்ச்சிக் கழக அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில், பேக்கரிக்கும் முடி திருத்தும் கடைக்கும் நடுவில் இருக்கிற சின்னக் கண்ணாடிக் கடையைப் பற்றித்தான் இது. பெயரைப் போடவில்லை. அங்கே கண் பார்க்கும் பெண்ணிடம் "எழுதப் போறேன்மா" என்று சொன்னதும், "அக்கா, பேரு மட்டும் வேண்டாம். இப்பவே சனிக்கிழமை எல்லாம் நிரம்பிக் கிடக்கு, பார்க்கிறது நான் ஒருத்திதான்" என்று கும்பிட்டார். தவிர, இதில் இன்னொரு கடையைக் குறை சொல்லப் போகிறேன். அதன் பெயரை மறைத்துவிட்டு இதன் பெயரை மட்டும் போடுவதும் சரியாகப் படவில்லை. "பேரே இல்லாம ரிவியூவா?" என்று என் மகள் சிரிக்கிறாள். சிரிக்கட்டும். பெயர்ப்பலகையைப் பார்த்துப் போய்த்தான் நான் முதல் தடவை 388 வெள்ளியை (சிங்கப்பூர் டாலர்தான்) தொலைத்தேன்.

நான் தையல்காரி. வயது 47. சிராங்கூன் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில், சேலைக் கடையின் பின்பக்கம், எட்டடிக்கு ஆறடி இடத்தில் 19 வருடமாக பிளவுஸ் தைக்கிறேன். கண்ணில் 100 டிகிரி கிட்டப்பார்வை பள்ளிக்கூட நாளிலிருந்தே உண்டு. (ஊரிலிருந்து வருகிறவர்களுக்கு இந்த டிகிரிக் கணக்கு புரியாது. அங்கே மைனஸ் ஒன்று என்பார்கள், இங்கே நாங்கள் 100 டிகிரி என்போம். இரண்டும் ஒன்றுதான்.) அதோடு சமாளித்து வந்தேன். 44 வயதில் ஊசியில் நூல் கோர்க்க ஒரு தடவைக்கு மூன்று தடவை ஆனது. 45-ல் கறுப்புத் துணியில் கறுப்புத் தையலைப் பிரிக்க மகளைக் கூப்பிட ஆரம்பித்தேன். வெள்ளெழுத்து. எங்கள் பாட்டி அதைச் சாளேசரம் என்பார். கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் வயது ஏற ஏற வளைந்து கொடுக்காமல் விறைத்துப் போகிறது, அதனால் கிட்டத்தில் இருப்பது தெரிவதில்லை. நாற்பதைத் தாண்டினால் யாருக்கும் தப்பாது.

போன வருடம் தீபாவளிக்கு ஏழு வாரம் இருக்கும்போது, ஒரு பெரிய கடைத்தொகுதியில் இருக்கும் கண்ணாடிக் கடைக்குப் போனேன். வெளிச்சமான கடை. நாலு பையன்கள் ஒரே நிறச் சட்டையில். கண்ணை இயந்திரத்தில் வைக்கச் சொன்னார்கள். உள்ளே நேரான சாலை, அதன் முடிவில் ஒரு பலூன். பலூன் மங்கித் தெளிந்தது, ஒரு சீட்டு அச்சடித்து வந்தது. அந்தச் சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு, எழுத்துப் பலகையில் ரெண்டு மூணு வரி படிக்கச் சொன்னார் ஒரு பையன். அப்புறம், "அக்கா வயசு எத்தனை?" "47." "அப்போ கிட்டப் பார்க்க 125 கூட்டிக்கலாம்." முடிந்தது. பத்து நிமிடம்கூட ஆகவில்லை. மிச்ச அரை மணி நேரம் எந்த லென்ஸில் எந்தப் பூச்சு, எதற்கு எவ்வளவு கழிவு என்ற பேச்சுதான். நான் என்ன வேலை செய்கிறேன் என்று ஒரு ஆளும் கேட்கவில்லை.

புரோகிரெசிவ் கண்ணாடி வந்தது. மேலே தூரத்துக்கு, நடுவில் இடைத்தூரத்துக்கு, அடியில் கிட்டத்துக்கு. ஒரே லென்ஸில் பவர் படிப்படியாக ஏறும். போட்டுக்கொண்டு மெஷினில் உட்கார்ந்தால், ஊசி விழும் இடம் தெரிய நான் முகவாயைத் தூக்க வேண்டியிருந்தது. கோழி தண்ணீர் குடித்துவிட்டு அண்ணாந்து பார்க்குமே, அப்படி. ஒரு வாரத்தில் பிடரி வலி. திரும்பப் போய்ச் சொன்னேன். "பழகிடும்க்கா, எல்லாருக்கும் முதல்ல அப்படித்தான்" என்றார்கள். மூன்று வாரம் பழகினேன். வலிதான் பழகியது. தீபாவளி வேலையை எல்லாம் பழைய கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, வெறுங்கண்ணாலேயே முடித்தேன்.

என் வாடிக்கையாளர் ஒருவர், பாலர்பள்ளி ஆசிரியை, தைத்ததை வாங்க வந்தபோது என் கழுத்தில் ஒட்டியிருந்த வலி பிளாஸ்திரியைப் பார்த்துவிட்டுத்தான் தோ பாயோ கடையைச் சொன்னார். "முன்கூட்டியே ஃபோன் பண்ணிட்டுப் போங்க, சும்மா போனா பார்க்க மாட்டாங்க" என்றார். எனக்குக் கொஞ்சம் எரிச்சல். கண்ணாடிக் கடைக்கு அப்பாயின்ட்மென்ட்டா?

ஃபோனில் அந்தப் பெண் கேட்ட முதல் கேள்வி, "என்ன வேலை பார்க்கிறீங்க?" தையல் என்றதும், "அப்ப வரும்போது தைக்கிற பிளவுஸ் ஒண்ணு எடுத்துட்டு வாங்கக்கா. உங்களுக்கு ரொம்பத் தொல்லை குடுக்கிற கலரா பார்த்து எடுத்துட்டு வாங்க. பழைய கண்ணாடி எல்லாத்தையும் கொண்டு வாங்க, புடிக்காததையும்" என்றார். 19 வருடத்தில் ஒரு கடைக்காரர் என் துணியைக் கொண்டு வரச் சொன்னது அதுதான் முதல் தடவை. அரக்கு நிறப் பட்டு பிளவுஸ் ஒன்று, கொக்கி வைக்காமல் பாதியில் நின்றது, பையில் போட்டுக்கொண்டேன். வேலைக்குப் போகும் ரயில் வழியிலேயே தோ பாயோ வந்துவிடும், அது வசதி. மகளும் கூட வந்தாள், பள்ளி விடுமுறை.

கடைக்குள் நுழைந்தால் பெரிதாக ஒன்றும் இல்லை. சுவரில் நூறு பிரேம்கூட இருக்காது. பின்னால் திரை போட்ட நீளமான அறை. சுவரில் ஒரு சான்றிதழ் மாட்டியிருந்தது. இங்கே 2007-ல் இதற்கென்றே ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். ஆப்டோமெட்ரிஸ்ட், ஆப்டீஷியன் இரண்டு பேருமே வாரியத்தில் பதிந்து, செல்லுபடியாகும் தொழில் சான்றிதழ் வைத்திருக்க வேண்டும். இரண்டும் ஒரே வேலை என்றுதான் நான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். ஆப்டீஷியன் முக்கியமாகக் கண்ணாடியைச் செய்து பொருத்துகிறவர், தகுதி பெற்றிருந்தால் பவரும் பார்ப்பார். ஆப்டோமெட்ரிஸ்ட் பவரோடு நிற்காமல் கண்ணின் நலத்தையும் சோதித்து, கோளாறு இருக்கும்போல் பட்டால் டாக்டரிடம் அனுப்புவார். மருந்து, அறுவை எல்லாம் கண் டாக்டர் வேலை. ஒரே தெருவில் மூன்று தொழில்.

நாற்காலியில் உட்கார வைத்து உடனே விளக்கை அணைக்கவில்லை. பேச்சுதான் முதலில். எத்தனை மணி நேரம் தைக்கிறேன், விளக்கு எந்தப் பக்கம் இருக்கிறது, தலைவலி காலையிலா சாயங்காலமா, குடும்பத்தில் யாருக்காவது கண் அழுத்தம், இனிப்புநீர் உண்டா, என்ன மாத்திரை சாப்பிடுகிறேன். அம்மாவுக்குக் கண் அழுத்த நோய் இருந்தது என்று சொன்னதும் எழுதுவதை நிறுத்தி நிமிர்ந்து பார்த்தார். "இது முதல் கடையில சொன்னீங்களா?" "கேக்கலையேம்மா."

அப்புறம் பிளவுஸை எடுத்து மடியில் போட்டு, தைப்பது போலவே பிடிக்கச் சொன்னார். நான் பிடித்தேன். என்னுடைய இன்ச் டேப்பையே வாங்கி, கண்ணிலிருந்து துணிவரை அளந்தார். 30 சென்டிமீட்டர். மெஷினில் உட்காருவது போல உட்காரச் சொன்னார், அது 40. வெட்டும் மேசை 65. வாடிக்கையாளர் கண்ணாடி முன்னால் நிற்கும்போது நான் பின்னால் நின்று பார்ப்பேன் இல்லையா, அது ஒன்றரை மீட்டர். நாலையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டார். அளவு எடுக்கிறவளுக்கே அளவெடுத்துவிட்டார் ஒருத்தி.

அந்த நாலு எண்ணும் எதற்கு என்று என் மகளுக்கு விளக்கினார், நானும் கேட்டுக்கொண்டேன். பொருள் கிட்டே வர வரக் கண்ணுக்குக் கூடுதல் பவர் வேண்டும். 40 சென்டிமீட்டருக்கு 250 டிகிரி, 30 சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 330. ஒரு மீட்டரை அந்தத் தூரத்தால் வகுத்து, நூறால் பெருக்கினால் வருகிற எண்தான். இதில் ஒரு பங்கைக் கண்ணே கொடுக்கும். வயதாக ஆக அந்தப் பங்கு குறையும், குறைகிறதைக் கண்ணாடி ஈடு கட்ட வேண்டும். முதல் கடையில் வயதைக் கேட்டுக் கூட்டிய 125, 40 சென்டிமீட்டரில் வைத்துப் படிக்கிறவர்களுக்கான கணக்காக இருந்திருக்கும். நான் வேலை செய்வதோ 30-ல். நடுவில் 80 டிகிரி பள்ளம். வயதை வைத்துப் பவர் கூட்டுவது, 36 சைஸ் என்று மட்டும் கேட்டுக்கொண்டு பிளவுஸ் வெட்டுவது மாதிரி. தோள் எப்படி, முதுகு எப்படி என்று பார்க்க வேண்டாமா?

பழைய புரோகிரெசிவைக் கையில் எடுத்தார். லென்ஸில் ஊதினார், ஆவி படிந்ததும் வெளிச்சத்தில் சாய்த்து ஏதோ தேடினார். எல்லா புரோகிரெசிவிலும் கண்ணுக்குத் தெரியாத பொடிக் குறிகள் செதுக்கியிருப்பார்களாம். அதைக் கண்டுபிடித்து மார்க்கர் பேனாவால் புள்ளி வைத்து, என் முகத்தில் மாட்டிப் பார்த்தார். "மூணு மில்லிமீட்டர் கீழே உட்கார்ந்திருக்குக்கா. அதான் நீங்க முகத்தைத் தூக்குறீங்க." அடுத்து, இரண்டு கண்மணிக்கும் நடுவே உள்ள தூரத்தை மொத்தமாக 62 மில்லிமீட்டர் என்று எடுத்து, பாதிப்பாதியாக 31, 31 என்று வைத்திருக்கிறார்கள். அவர் மூக்கின் நடுவிலிருந்து தனித்தனியாக அளந்தபோது வலது 30, இடது 32. எந்த மனிதருக்கு இரண்டு தோளும் ஒரே உயரத்தில் இருக்கிறது? என் கடைக்கு வருகிற பத்துப் பேரில் எட்டுப் பேருக்கு ஒரு பக்கம் இறக்கம். இது தெரிந்த நானே, என் முகம் மட்டும் நேராக இருக்கும் என்று நம்பியிருந்தேன் பாருங்கள்.

இனிமேல்தான் பவர் பார்த்தது. அதே பலூன் இயந்திரம் இங்கேயும் இருந்தது. ஆனால் அந்தச் சீட்டை ஓரமாக வைத்துவிட்டு, கையில் பேட்டரி விளக்கு மாதிரி ஒரு கருவியை எடுத்தார். ரெட்டினாஸ்கோப். கோடாக விழும் வெளிச்சத்தைக் கண்மணியில் இடமும் வலமும் ஆட்டினால், உள்ளிருந்து ஒரு சிவப்பு ஒளி திரும்பி வருமாம். அது விளக்கோடு சேர்ந்து நகர்கிறதா எதிராக நகர்கிறதா என்று பார்த்து, லென்ஸ்களை மாற்றி மாற்றி முன்னால் பிடித்து, ஒளி ஆடாமல் மொத்தமாக நிறையும் இடத்தில் நிறுத்துவார்கள். ஆள் வாயைத் திறக்கவே வேண்டாம். பேச்சு வராத குழந்தைக்கும், நினைவு தப்பிய முதியவருக்கும் இப்படிப் பவர் கண்டுபிடிக்கலாம். "இயந்திரம் சொல்றதும் நான் பார்க்கிறதும் ஒத்துப் போகலைன்னா நான் என் கண்ணை நம்புவேன்" என்றார். அகங்காரமாகச் சொல்லவில்லை. நான்கூட மெஷினில் வரும் தையலைக் கையால் தடவிப் பார்த்துத்தான் நம்புவேன்.

எழுத்துப் பலகை. "ஒண்ணு தெளிவா, ரெண்டு தெளிவா?" என்று கேட்பார்களே, அந்தக் கட்டம் வந்தாலே எனக்குப் பரீட்சை பயம். தப்பாகச் சொல்லிவிட்டால் தப்பான கண்ணாடி வந்துவிடுமோ என்று ஏதாவது ஒன்றைச் சொல்லிவைப்பேன். நான் தடுமாறுவதைப் பார்த்து, "ரெண்டும் ஒரே மாதிரி இருக்குன்னு சொல்றதும் பதில்தான்க்கா. நான் தேடுறதே அந்த இடத்தைத்தான்" என்றார். இந்த ஒரு வரியை எனக்கு 30 வருடம் முன்பே யாராவது சொல்லியிருக்கலாம். அதற்கப்புறம் சிவப்பு, பச்சைக் கட்டங்கள். பச்சை ஒளி லென்ஸில் கொஞ்சம் அதிகம் வளையும், சிவப்பு குறைவாக வளையும். கிட்டப்பார்வைக்காரருக்குச் சிவப்பில் எழுத்து தெளிவாகத் தெரிந்தால் பவர் இன்னும் போதவில்லை, பச்சையில் தெளிந்தால் கூடிப்போய்விட்டது என்று கணக்கு. கால் பவர், அதாவது 25 டிகிரிதான் லென்ஸில் ஒரு படி. அந்த ஒரு படிக்காக நாலு தடவை திரும்பிப் போய்வந்தார்.

கடைசியாகக் கனமான சோதனைப் பிரேமை முகத்தில் மாட்டி, கையில் பிளவுஸையும் ஊசியையும் கொடுத்து, "ஒரு கொக்கி வைங்க" என்றார். வைத்தேன். அரக்குத் துணியில் அரக்கு நூல், துணியின் இழை தெரிந்தது. அப்படியே ஒரு நிமிடம் உட்கார்ந்திருந்தேன். அவரும் அவசரப்படுத்தவில்லை.

கண் அழுத்தம் பார்க்கக் காற்று ஊதும் கருவி, ஒவ்வொரு தடவையும் நான் துள்ளினேன், மகளுக்கு ஒரே சிரிப்பு. இரண்டு கண்ணிலும் 21-க்குக் கீழேதான், வழக்கமான அளவு. ஆனால் விழித்திரையைப் படம் எடுத்துத் திரையில் காட்டி, நரம்பு வெளியே போகும் வட்டத்தின் நடுக்குழி இடது கண்ணில் வலதைவிடக் கொஞ்சம் பெரிதாக இருப்பதைச் சுட்டினார். "நோய்னு நான் சொல்லலை. அம்மாவுக்கு இருந்ததால ஒரு தடவை டாக்டர் பார்த்துடறது நல்லது" என்று கடிதம் எழுதிக் கொடுத்தார். பலதுறை மருந்தகம் (பாலிகிளினிக்) போய், அங்கிருந்து மருத்துவமனைக்கு அனுப்பி, பார்வைப் பரப்புச் சோதனை செய்து, இப்போதைக்கு ஒன்றுமில்லை, வருடம் ஒரு தடவை வாருங்கள் என்றிருக்கிறார்கள். பயமுறுத்தாமல் ஒருவரை டாக்டரிடம் அனுப்பிவைப்பதும் ஒரு கை வேலைதான்.

இந்தக் கடையை நான் முழுதாக நம்பியது என் கண்ணால் அல்ல, என் வீட்டுக்காரரால். லாரி ஓட்டுகிறார், ஆறு வருடமாக இனிப்புநீர். "சில நாள் டிவி மங்குது, சில நாள் நல்லாத் தெரியுது" என்று புது கண்ணாடி கேட்டார், கூட்டிக்கொண்டு போனேன். பார்த்ததில் 75 டிகிரி ஏறியிருந்தது. சாதாரணமாக என்ன செய்வார்கள்? புது லென்ஸ் போட்டு அனுப்புவார்கள், நாங்களும் காசு கட்டிவிட்டு வருவோம். அந்தப் பெண் பேனாவை வைத்துவிட்டு, "அண்ணே, சுகர் இப்ப எப்படி இருக்கு?" என்றார். இவர் முழித்தார். மூன்று வாரமாக மாத்திரையே எடுக்கவில்லை என்பது எனக்கே அங்கேதான் தெரியும்! ரத்தத்தில் சர்க்கரை ஏறினால் கண்ணின் லென்ஸும் நீர் கோத்து உப்பும், கிட்டப்பார்வை கூடினதுபோல் காட்டும், சர்க்கரை இறங்கினால் திரும்பிவிடும் என்றார். "இன்னைக்கு வர்ற நம்பர்ல கண்ணாடி செஞ்சா ரெண்டு மாசத்துல அது உங்களுக்கு ஆகாது. மாத்திரையை ஒழுங்கா எடுத்துட்டு, டாக்டரைப் பார்த்துட்டு வாங்க. பலதுறை மருந்தகத்துல விழித்திரைப் படமும் எடுத்துடுங்க." பரிசோதனைக் கட்டணம் மட்டும் வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார். இரண்டு மாதம் கழித்துப் போனால் பழைய பவரிலிருந்து 25 டிகிரிதான் வித்தியாசம். விழித்திரையில் லேசான மாற்றம் இருக்கிறதாம், வருடாவருடம் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். வாசல் தேடி வந்த வியாபாரத்தை ஒரு கேள்வி கேட்டுத் தள்ளிவிட்ட கடை இது.

என் மகள் உயர்நிலை நான்கு. அடுத்து பாலிடெக்னிக் என்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறாள், அதில் ஆப்டோமெட்ரியும் ஒன்று. அவளுக்கு 450 டிகிரி. அவள் வகுப்பில் கண்ணாடி போடாத பிள்ளைகளைத்தான் எண்ண வேண்டும், போட்டவர்களை எண்ணி முடியாது. கிட்டப்பார்வை மிக அதிகமாக உள்ள நாடுகளில் சிங்கப்பூரும் ஒன்று என்பதால் இந்த வேலைக்கு ஆள் தேவை குறையாது என்பது அவள் அப்பா கணக்கு. சிங்கப்பூர் பாலிடெக்னிக், நீ ஆன் பாலிடெக்னிக் இரண்டிலும் மூன்று வருடப் பட்டயப் படிப்பு இருக்கிறது.

அதனால் அந்தப் பெண்ணிடம் கேட்டுத் துளைத்துவிட்டாள். அவரும் சலிக்காமல் சொன்னார். முதலில் கேட்டது, "பிசிக்ஸ் புடிக்குமா?" "லென்ஸ் பாடம் மட்டும் புடிக்கும்." "அது போதும், ஆனா அது நிறைய வரும்." படிக்கும்போது ஒருவர் கண்ணை ஒருவர் சோதித்துத்தான் பழகுவார்களாம். ரெட்டினாஸ்கோப்பில் அந்த ஒளி நகர்வது கண்ணுக்குப் பிடிபடவே அவருக்குப் பல மாதம் ஆனதாம். மற்றவர் கண் இமையைத் தூக்கிக் கான்டாக்ட் லென்ஸ் வைக்க முதல் தடவை கை நடுங்கியதில், எதிரே இருந்த தோழிதான் இவரைச் சமாதானப்படுத்தினாராம். எனக்கு முதல் பட்டுத் துணியில் கத்திரி வைத்தது நினைவு வந்தது.

"மார்க் இருந்தா படிச்சிடலாம். பொறுமைதான் வேணும்" என்றார். "ஒண்ணா ரெண்டா, ஒண்ணா ரெண்டா"-வை ஒரு நாளைக்கு நூறு தடவை கேட்க வேண்டும், நூறாவது ஆளுக்கும் முதல் ஆளுக்குக் கேட்டது போலவே கேட்க வேண்டும். நாள் முழுக்க இருட்டறை. சனி ஞாயிறுதான் கூட்டம், அதனால் கல்யாணம் காட்சி பாதி போச்சு. அப்புறம் குரலைத் தாழ்த்தி, கஷ்டமான இன்னொன்றையும் சொன்னார். கடையில் வேலை என்றால் விற்கத்தான் வேண்டும். முன்பு வேலை செய்த இடத்தில் மாதத்துக்கு இத்தனை வெள்ளி என்று இலக்கு வைத்திருந்தார்களாம். பவர் மாறாத ஆளிடம் "பவர் மாறலை, இதையே போடுங்க" என்று சொல்லும்போதெல்லாம் பின்னால் ஒருவர் முறைப்பாராம். கடை பிடிக்காவிட்டால் மருத்துவமனைக் கண் பிரிவுகளிலும் லென்ஸ் நிறுவனங்களிலும் வேலை உண்டு என்றார்.

அவர் சொன்னதைவிட, காத்திருந்த நேரத்தில் பார்த்ததுதான் மகளுக்கு அதிகம் பிடித்தது. நாலு வயதுப் பையன் ஒருவன், நாற்காலியில் ஏற மாட்டேன் என்று தரையில் படுத்து அழுதான். இந்தப் பெண் தானும் தரையில் உட்கார்ந்து, அவன் அம்மா ஃபோனில் கார்ட்டூனைத் தூரத்தில் ஓடவிடச் சொல்லி, பக்கத்திலிருந்து விளக்கை ஆட்டிப் பார்த்துவிட்டார். பையனுக்குச் சோதனை நடந்ததே தெரியாது. அடுத்து ஒரு சீனப் பாட்டி, எழுத்துப் படிக்கத் தெரியாதவர். படுத்தும் நிமிர்ந்தும் கிடக்கும் ஆங்கில 'E' எழுத்துப் பலகையைப் போட்டு, அது எந்தப் பக்கம் திறந்திருக்கிறதோ அந்தப் பக்கம் கையை நீட்டச் சொன்னார். அதுவும் ஹொக்கியனில், நாலே நாலு சொல் வைத்துக்கொண்டு. பாட்டி சிரித்துச் சிரித்துக் கை நீட்டினார். மேலே, கீழே, இடது, வலது என்று நாலு மொழியில் எழுதி மேசையில் ஒட்டி வைத்திருக்கிறார். தமிழ் மட்டும் இல்லை, அது தேவையில்லையாம்.

சரி, குறைகளும் உண்டு. பிரேம் தேர்வு மோசம். எல்லாம் கறுப்பு, பழுப்பு, ஆசிரியர் சங்கத் தலைவர் போடுகிற மாதிரி. எனக்குச் சிவப்பு வேண்டும் என்றேன், இல்லை. திங்கட்கிழமை விடுமுறை, எனக்கும் அன்றைக்குத்தான் வேலை குறைவு. பரிசோதனைக்குத் தனியாக 45 வெள்ளி. மற்ற கடைகளில் வாசலிலேயே இலவசம் என்று எழுதியிருக்கும்போது இது உறுத்தும், எனக்கும் உறுத்தியது. ஆனால் ஒரு மணி நேரம் பத்து நிமிடம் உட்கார வைத்துப் பார்த்தார், அந்தக் கணக்கையும் பாருங்கள். லென்ஸ் வரப் பத்து நாள் என்றார், பதினாறு நாள் ஆனது. நானாகக் கூப்பிட்டுக் கேட்ட பிறகுதான் சொன்னார்கள். வாடிக்கையாளரைக் காக்க வைப்பதில் தையல்காரிக்குப் பேச உரிமை இல்லை என்கிறாள் மகள். குளிர்சாதனம் வேறு எலும்பைத் துளைக்கும், சால்வை கொண்டு போங்கள்.

இரண்டு கண்ணாடி செய்தேன். தெருவுக்கு ஒரு புரோகிரெசிவ், பழைய பிரேமிலேயே, உயரத்தைச் சரியாக வைத்து. வேலைக்குத் தனியாக ஒன்று. அதில் 30 சென்டிமீட்டரிலிருந்து இரண்டு மீட்டர்வரைதான் தெளிவு, ஆனால் இடமும் வலமும் அகலமாகத் தெரியும். மெஷின் தட்டு முழுவதையும் தலையைத் திருப்பாமல் பார்க்கலாம். கிட்டத்துக்குக் கூட்டியது 125 அல்ல, 175. "இதைப் போட்டுக்கிட்டு ரோடு தாண்டாதீங்க" என்று மூன்று தடவை சொன்னார். இரண்டுக்கும் சேர்த்து 610 வெள்ளி. குறைந்த விலை இல்லை. முதலில் தொலைத்த 388-ஐயும் சேர்த்தால் ஆயிரத்துக்குப் பக்கம், வீட்டுக்காரரிடம் நான் இன்னும் கூட்டிச் சொல்லவில்லை.

முதல் இரண்டு நாள் தெருக் கண்ணாடியில் படிக்கட்டு கொஞ்சம் ஆடியது, மூன்றாம் நாள் நின்றது. மூக்குப்பிடி மட்டும் வியர்வையில் வழுக்கியது. நம் ஊர்ப் புழுக்கத்தில் இதைத் தவிர்க்க முடியாது போல. இரண்டு தடவை போய்ச் சரி செய்துகொண்டேன். பிரேமின் கம்பியைச் சூட்டில் காட்டி, காதுக்குப் பின்னால் விரலால் தடவித் தடவி வளைத்தார், காசு வாங்கவில்லை. கம்பி எங்கே அழுத்துகிறது என்று நான் சொல்வதற்கு முன்பே தோலில் பதிந்த தடத்தைப் பார்த்துக் கண்டுபிடித்துவிட்டார். என்னிடம் பிளவுஸ் போட்டுக் காட்ட வருகிறவர்களுக்கு நான் செய்வதும் இதுதான், கேட்பதற்கு முன்னால் துணியின் சுருக்கத்தைப் பார்ப்பேன்.

வேலைக் கண்ணாடி வந்த அன்று காலை, கடையைத் திறந்ததும் ஆசையாக மாட்டிக்கொண்டு, முந்தின வாரம் தைத்து முடித்து மடித்து வைத்திருந்த மூன்று பிளவுஸை எடுத்துப் பார்த்தேன். கொக்கித் தையல் வரிசையில் இல்லை. கழுத்துப் பைப்பிங் ஒரு இடத்தில் நூல் அளவு விலகியிருந்தது. மூன்றையும் பிரித்துத் திரும்பத் தைத்தேன், மத்தியானச் சாப்பாடு நாலு மணிக்கு ஆனது. நாலாவது ஒன்று இருந்தது, மயில் கழுத்து நிறம், அதை முந்தின நாளே ஆள் வந்து வாங்கிக்கொண்டு போய்விட்டார். அவர் இன்றுவரை ஒன்றும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.